நீலப்பெட்டிக் கலைமணி

புதிதாக எது வந்தாலும் அதைக் கலைமணியின் தலையில் கட்டிவிடுவது என்பது அந்தப் பட்டறையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். தீயணைப்புப் பயிற்சி வந்தது. அவர் சட்டையில் ‘தீ வீரர்’ என்று ஒரு பேட்ஜைக் குத்தினார்கள். தரையில் ஒரு தூசி இருக்கக் கூடாது என்று ஜப்பானிலிருந்து ஒரு முறை வந்தது; அவரே ‘சுத்த வீரர்’. பாதுகாப்பு வாரம் வந்தபோது ‘பாதுகாப்பு வீரர்’. சட்டைப் பையில் இடம் தீர்ந்து காலரில் குத்திக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டார். போர்க்களம் போகாமலே இத்தனை வீரப் பட்டம் வாங்கிய மனிதர் ஒரகடம் வட்டாரத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பட்டம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கைதட்டல் உண்டு. சம்பளம் பழைய சம்பளம்தான்.

வடக்குப்பட்டுக்காரர். குடும்பத்து நிலம் பாதி ரோட்டுக்கும் மீதி தொழிற்பேட்டைக்குமாகப் போன பிறகு, சேரப்பணஞ்சேரிப் பக்கம் ராஜாமணி முதலாளியின் பட்டறையில் ஸ்டோர்ஸில் சேர்ந்தார். நிலம் போனதற்காக அவர் பெருமூச்சு விட்டு யாரும் பார்த்ததில்லை. கத்தரிக்காய்க்கு ஈஎஸ்ஐ கிடையாது, இங்கே உண்டு என்பது அவர் கட்சி. பட்டறையில் செய்வது கார் கதவுக்கான கீல். தகடாக உள்ளே வந்து, அடிபட்டு, வளைந்து, கீலாகிப் பெட்டியில் அடைந்து, நாலு திருப்பம் தள்ளி இருக்கும் பெரிய கம்பெனிக்குப் போகும். பெட்டியில் அடுக்குவது, லாரியில் ஏற்றுவது, திரும்பி வருவதை இறக்குவது எல்லாம் கலைமணி பொறுப்பு.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். பர்மனெண்ட் ஆக வேண்டும்.

அவர் சம்பளம் வாங்குவது முதலாளியிடம் அல்ல, கான்ட்ராக்டரிடம். கான்ட்ராக்டர் வருஷத்துக்கு ஒருமுறை அவரை ஒருநாள் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். இந்த மனிதர் விடாமல் வேலை பார்த்தார் என்று நாளைக்கு யாரும் கோர்ட்டில் பேசிவிடக் கூடாது அல்லவா. புது ஆள் என்றால் புது எண், புது அட்டை, புதியவர்களுக்கான வரவேற்புக் கூட்டம். தலை நரைத்த கலைமணி வருஷாவருஷம் மீசை முளைக்காதவர்களோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவார். அந்தக் கழிவறைக்கு டைல்ஸ் இறக்கியதே அவர்தான்.

மனைவி மஞ்சுளாவின் தம்பி ஸ்ரீதர் மறைமலை நகரில் பர்மனெண்ட். விசேஷ வீடுகளில் ஸ்ரீதருக்கு நாற்காலியும் கலைமணிக்கு சாம்பார் வாளியும் தன்னால் வந்து சேரும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அதனால்தான் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டது.

இந்த நிலையில்தான் பசுமை வந்தது.

எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தலைமை ஆபீஸில், கார் மட்டும் பசுமையாக இருந்தால் போதாது, காருக்குள் போகும் ஒவ்வொரு திருகாணியும் வருகிற வழியெல்லாம் பசுமையாக வர வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். அந்த முடிவு கடல் தாண்டிப் பெரிய கம்பெனிக்கு வந்தது. அங்கிருந்து ராஜாமணி முதலாளிக்கு வந்தது. முதலாளியிடமிருந்து மேனேஜர் ஹேமந்துக்கு இறங்கி, ஹேமந்திடமிருந்து கலைமணியிடம் இறங்கி நின்றது. அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

“அட்டைப்பெட்டி இனிமே கிடையாது கலைமணி. ஒருதடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடறதெல்லாம் பாவம்” என்றான் ஹேமந்த். எம்பிஏ படித்தவன், சென்னையிலிருந்து தினமும் தனி ஆளாகக் காரில் வந்து போகிறவன். “நீலக் கலர் பிளாஸ்டிக் பெட்டி வருது. போகும், திரும்பி வரும், மறுபடி போகும். ஒவ்வொண்ணுலயும் வெள்ளை ஸ்டிக்கர்ல ஒரு க்யூஆர் கட்டம் இருக்கும். கேட்ல ஸ்கேன் பண்ணா கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடும், எந்தப் பெட்டி எங்க இருக்குன்னு. இந்த வருஷம் பசுமை சப்ளையர் விருது நமக்கு வரணும். வந்தா பர்மனெண்ட் லிஸ்ட்ல முதல் பேரு உங்க பேருதான்.”

“நெசமாவா சார்?”

“முதலாளிகிட்ட பேசிட்டேன்.”

அப்படியாகக் கலைமணி ‘பசுமை வீரர்’ ஆனார். இந்த பேட்ஜைத் தொப்பியில் குத்திக்கொண்டார்.

பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். அது உடைந்து நொறுங்கும் வரை அதே எண்தான், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதெல்லாம் இல்லை. கலைமணி அதைக் கவனித்தார். கவனித்தாரே தவிர பொறாமைப்படவில்லை, பெட்டிகள் மீது அவருக்கு அப்படி ஒரு பாசம். பெற்ற பிள்ளை ஸ்கூலுக்குப் போய் வந்தாளா என்று கேட்க மறந்தாலும் பெட்டி போய் வந்ததா என்று கேட்க மறக்க மாட்டார். ஸ்ரீதர் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில், சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே யாரோ ஒரு நீலப்பெட்டியில் ஆப்பிளை அடுக்கி எடுத்து வந்திருந்தார்கள். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கலைமணி ஆப்பிள்களை ஜமுக்காளத்தில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டுபோனார். மஞ்சுளா மூன்று வேளை அவரோடு பேசவில்லை.

“பர்மனெண்ட் ஆவட்டும், அப்றம் பார் எல்லாரும் எப்டிப் பேசறாங்கன்னு” என்று அவர்தான் சமாதானத்துக்குப் போனார்.

“ஆவு முதல்ல” என்றாள் மஞ்சுளா. ஆனால் அந்த வாரமே தெருவில் நாலு பேரிடம், “எங்க வூட்டுக்காருக்கு பர்மனெண்ட் ஆவப் போவுது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆயுத பூஜை வரும்வரை.

ராஜாமணி முதலாளி மற்ற நாளில் எப்படியோ, ஆயுத பூஜையன்று பட்டறையில் பொட்டு வைக்காத பொருள் ஒன்று இருக்கக் கூடாது என்பார். பிரஸ் மெஷின், கம்ப்ரசர், ஸ்பேனர், கம்ப்யூட்டர், காபி மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். போன வருஷம் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து, தரை முழுக்க மஞ்சள் தூளாகி, சுத்தம் பார்க்க வந்தவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். சுத்த வீரர் அதை மறக்கவில்லை. இந்தத் தடவை சந்தனத்தைப் பன்னீரில் குழைக்காமல், மரச்சாமான் ஒட்டுகிற வெள்ளைப் பசையில் குழைத்தார். அவருடைய பல பட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்த அபூர்வமான தருணம் அது.

நீலப்பெட்டிக்குப் பொட்டு எங்கே வைப்பது? பெட்டி முழுக்க வழவழவென்று நீலம். முன்பக்கம் நெற்றிபோல ஒரே ஒரு வெள்ளைச் சதுரம். கலைமணிக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும், சரியாக நடுவில், ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டார். ஒரு பெட்டியைக்கூட விடவில்லை. முதலாளி சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கலைமணி வச்ச பொட்டு கலைமணி வச்சதுதான்பா” என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

லீவு முடிந்து முதல் லாரி கிளம்பியபோது கேட்டில் நின்றது. கேட்டில் ஸ்கேன் மெஷினைப் பிடிப்பவன் பேச்சிராஜ், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன்.

“அண்ணாச்சி, மெஷினு சத்தம் போட மாட்டேங்கு.”

கலைமணி வந்து பார்த்தார். மெஷின் சிவப்பு வெளிச்சத்தைச் சந்தனத்தின் மேல் காட்டியது. மரியாதையாகச் சும்மா இருந்தது. அடுத்த பெட்டி, அதுவும் அப்படியே.

“இப்ப இன்னா பண்றது?”

“சத்தம் வந்தாத்தான் கணக்குல ஏத்தணும்னு சொல்லிருக்காவ. சத்தம் வராட்டி ஏத்த வேண்டியதில்ல. நீங்க கொண்டு போங்க.”

லாரி போயிற்று. சாயங்காலம் காலிப் பெட்டிகளோடு திரும்பி வந்தது. அப்போதும் சத்தம் வரவில்லை. பெரிய கம்பெனி வாசலில் ஸ்கேன் பண்ணுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலையையும் சப்ளையர்கள் தலையிலேயே போட்டு ஆள் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

கலைமணி ஒரு பெட்டியை எடுத்துப் பொட்டைச் சுரண்டிப் பார்த்தார். பசை நல்ல பசை. பொட்டோடு ஸ்டிக்கரும் உரிந்து வந்தது. ஈரத்துணியைத் தேடிக்கொண்டிருந்தபோது முதலாளி பார்த்துவிட்டார்.

“இன்னா பண்ற? சாமிக்கு வச்ச பொட்ட நீ தொடப்பியா? அதுவா போற வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது.”

அதுவாக எப்போது போகும் என்று பசைக் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும். புது ஸ்டிக்கர் வாங்கலாம் என்றால் பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் காரணம் சொல்ல வேண்டும். மழை, வெயில், தீ, விபத்து என்று அதிலேயே காரணங்கள் கொடுத்திருந்தார்கள். சாமி இல்லை.

மாதம் முடிந்ததும் பெரிய கம்பெனியிலிருந்து ரஞ்சனி மேடம் பேசப் போவதாகத் தகவல் வந்தது. சப்ளையர்களின் பசுமையைப் பார்ப்பதற்கென்றே அங்கே வைத்திருக்கிற அதிகாரி. ஹேமந்தின் அறையில் கலைமணி சுவரோரம் நின்றார். பெட்டியெல்லாம் தொலைந்துவிட்டது என்று சொல்லப் போகிறார்கள், தன் பர்மனெண்டும் அதோடு தொலைந்தது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

“ஹேமந்த், உங்க டேட்டாவைப் பார்த்து எங்க டீமே அசந்துபோச்சு” என்றார் ரஞ்சனி. “பெட்டி திரும்பி வர்ற ட்ரிப்புக்குப் புகைக் கணக்கு போடுவோம் இல்லையா, உங்களுக்கு மட்டும் ஜீரோ. அட்டைப்பெட்டியும் வாங்கல. நீலப்பெட்டியும் அசையல. ஆனா கீல் மட்டும் டயத்துக்கு வந்து சேர்ந்திருக்கு. எப்படிப் பண்ணீங்க?”

கணக்குப்படி, கீல்கள் சேரப்பணஞ்சேரியிலிருந்து எழுந்து தாங்களாகவே நடந்து போய்ச் சேர்ந்திருந்தன. அதை யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அவ்வளவு அழகான ஜீரோவைப் பார்த்துக் கேள்வி கேட்க யாருக்கு மனசு வரும்?

ஹேமந்த் கண்ணிமைக்கும் நேரம்தான் யோசித்தான். “கன்டினியூஸ் இம்ப்ரூவ்மெண்ட் மேடம். எல்லாம் டீம் ஒர்க்.”

போன் வைத்ததும் கலைமணி சொன்னார்: “சார், அது பொட்டு மறைச்சிக்கினு கீது சார். பெட்டி போவுது, வருது. நான்தான எறக்கறேன். மேடம்கிட்ட சொல்லிடலாம் சார்.”

ஹேமந்த் கதவைச் சாத்தினான். “தெரியும். நீங்க சொல்லாதீங்க. விருது இல்லன்னா லிஸ்ட் இல்ல. லிஸ்ட் இல்லன்னா நீங்க அடுத்த வருஷமும் புது ஆளு. யோசிச்சுக்கோங்க.”

கலைமணி யோசித்தார். அன்று வீட்டில் மஞ்சுளாவிடமும் சொன்னார். அவள் மாவு அரைத்துக்கொண்டே கேட்டாள்.

“நீ பொய் சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப கம்முனு இரு. கேட்டாப் பாத்துக்கலாம்.”

கேட்டார்கள். அதுதான் கஷ்டம். ரஞ்சனி மேடம் நேரிலேயே வந்தார். பெட்டிகளில் பொட்டைப் பார்த்து, இது என்ன என்றார். தொழிலாளர்கள் பசுமையைச் சாமியாகவே கும்பிடுகிறார்கள் என்றான் ஹேமந்த். ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டவர் இல்லை அந்தப் பெண். உண்மையாகவே புகை குறைய வேண்டும் என்று ஆசைப்பட்டவர், குறைந்ததாக யாராவது சொன்னால் நம்பிவிடுகிற அளவுக்கு.

“அண்ணா, நீங்கதானே பசுமை வீரர்? நீங்க சொல்லுங்க, பெட்டி ஏன் அசையவே இல்ல?”

கலைமணி வாயைத் திறந்தார். ஹேமந்தைப் பார்த்தார். மஞ்சுளா நாலு பேரிடம் சொல்லி வைத்தது ஞாபகம் வந்தது. விசேஷ வீட்டுச் சாம்பார் வாளியும் ஞாபகம் வந்தது. “எல்லாம் ஆண்டவன் புண்ணியம்மா” என்றார்.

விருது வந்தது. படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில், குளிர்சாதனம் பல் கிடுகிடுக்க ஓட, பசுமை விழா நடந்தது. கேடயத்தை முதலாளி வாங்கினார். கலைமணியையும் மேடையேற்றி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மஞ்சுளா முதல் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீதர் வந்து, “மாமா, ஒரு செல்ஃபி” என்று தோளில் கை போட்டான். அந்த ஒரு சாயங்காலம் கலைமணி மனம் நிறைந்து சந்தோஷமாக இருந்தார். இல்லையென்று சொன்னால் பொய்.

விருதுக்குப் பின்னாலேயே ஆள் கணக்கு வந்தது. யாரை பர்மனெண்ட் ஆக்கலாம் என்பதை முதலாளியோ ஹேமந்தோ முடிவு செய்ய முடியாதாம். எந்த வேலைக்கு எத்தனை ஆள் தேவை என்று கம்ப்யூட்டரே கூட்டிக் கழித்துச் சொல்லும். அது எல்லாப் பிரிவையும் அலசிவிட்டுக் கடைசியில் பெட்டிப் பிரிவுக்கு வந்தது. போன பெட்டி இல்லை. வந்த பெட்டி இல்லை. பர்மனெண்ட் இருக்கட்டும், அசையாத பெட்டிக்கு ஆளே எதற்கு என்று கேட்டுவிட்டது.

“நான் என்ன பண்ணுவேன் கலைமணி” என்றான் ஹேமந்த். நிஜமாகவே முகம் வாடியிருந்தான். “சிஸ்டம் அப்படிச் சொல்லுது.”

“சார், பெட்டி வருதுன்னு உங்களுக்குத் தெரியும்ல.”

“தெரியும். ஆனா பெட்டி வருதுன்னு நான் காட்டினா விருதைத் திருப்பிக் கொடுக்கணும். அடுத்த ஆர்டர் அந்த விருதை வச்சுத்தான் வந்திருக்கு. நூறு பேர் சோறு சார் அது.”

‘சார்’ என்று ஹேமந்த் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆளைக் கழற்றிவிடும்போது வருகிற மரியாதை தனி. கலைமணி பேட்ஜுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒன்று மேசையிலிருந்து உருண்டு விழுந்தது, ஹேமந்தே குனிந்து எடுத்தான்.

வீட்டில் மஞ்சுளா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ரஞ்சனி கேட்டபோது வாயைத் திறந்திருந்தால், அதிகபட்சம் திட்டு விழுந்திருக்கும், பெட்டி பெட்டியாக இருந்திருக்கும், தானும் ஆளாக இருந்திருப்போம் என்று கலைமணி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தன் வேலையைத் தானே வாயை மூடி அழித்துக்கொண்டோம் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வேறு யார் மீதாவது பழி போடலாம் என்றால் சாமிதான் மிச்சம். அதற்கும் பயமாக இருந்தது.

ஆனால் லாரிக்கு இதெல்லாம் தெரியாது. அது வழக்கம்போல் காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. ஸ்டோர்ஸ் வாசலில் லாரியிலேயே பெட்டி மலையாகக் குவிந்து கிடக்க, உள்ளே கீல் அடுக்கப் பெட்டி கிடைக்காமல் வேலை தடுமாறியது. பேச்சிராஜ் போன் செய்தான்.

“அண்ணாச்சி, வண்டி வந்து நிக்கி. எறக்க ஆளில்ல. மேனேஜர் உங்களக் கூப்பிடச் சொல்லுதாரு.”

ஹேமந்த் வழி கண்டுபிடித்து வைத்திருந்தான், போனை வாங்கி அவனே சொன்னான். பெட்டிப் பிரிவில் ஆள் போட முடியாது. ஸ்கிராப் பிரிவில் ஒரு இடம் காலியாக இருந்தது. கழிவு பொறுக்குகிறவர் என்று ஏற்றிக்கொண்டு பெட்டியை இறக்கலாம். வேறு கான்ட்ராக்டர், சம்பளம் கொஞ்சம் கம்மி, வேலை அதேதான். கலைமணி மஞ்சுளாவைப் பார்த்தார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு ரஞ்சனி வேறு சப்ளையர்களை ஒரு வேன் நிறைய அழைத்து வந்திருந்தார். மாதிரிப் பட்டறையைக் காட்ட. ஸ்டோர்ஸ் வாசலில் அவர்களுக்குப் பெட்டி அசையாமல் பொருள் அனுப்பும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் லாரி இன்ஜினை அணைக்காமல் கரும்புகை விட்டுக்கொண்டு நின்றது. கலைமணி ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தவர், நேராக ரஞ்சனியின் முன்னால் அதை வைத்தார்.

“அம்மா, இது இப்பதான் உங்க கம்பெனிலேர்ந்து வந்துச்சு. டெய்லி போவுது, டெய்லி வருது. பொட்டு மறைக்குது, அதான் மிஷினுக்குத் தெரியல. அன்னிக்கே உங்ககிட்ட சொல்லிருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹேமந்தின் முகம் வெளுத்துவிட்டது. ரஞ்சனி பெட்டியைப் பார்த்தார், போனை எடுத்தார், எதையோ தட்டினார். பிறகு போனைக் கலைமணியின் பக்கம் திருப்பி, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

“இல்லண்ணா, பாருங்க. எல்லாப் பெட்டியும் இங்கயேதான் இருக்கு. ஒண்ணு கூட வெளிய போகல.”

“இவர் இப்ப ஸ்கிராப் பாக்குறவர் மேடம்” என்றான் ஹேமந்த், மூச்சு திரும்பி வந்தவனாக. “பெட்டிக்கும் இவருக்கும் இப்ப சம்பந்தம் இல்ல.”

“பரவாயில்ல ஹேமந்த். ஆர்வமா இருக்கார், நல்லதுதானே” என்றார் ரஞ்சனி. வந்தவர்களைப் போட்டோவுக்கு நெருக்கி நிற்கச் சொன்னார். கலைமணி குறுக்கே நிற்பதாகப் போட்டோ எடுத்தவன் கையைக் காட்டினான். அவர் விலகி நின்றார்.

லாரி டிரைவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினான். “இன்னா தலைவா, எறக்கலியா? நான் அடுத்த ட்ரிப் போவணும்.”

கலைமணி பெட்டியை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு, மீதியை இறக்க லாரிக்குப் போனார்.